ஆற்றுகால் பொங்காலை: 1,450 ரூபா பேக்கேஜ்ல போனதும் 130 ரூபா பானையோட போனதும்

ஆற்றுகால் பொங்காலைன்னா, திருவனந்தபுரம் ஆற்றுகால் அம்மன் கோயில் திருவிழாவுல லட்சக்கணக்கான பொம்பளைங்க கோயிலைச் சுத்தி தெருவெல்லாம் அடுப்பு கூட்டி பொங்கல் வைக்கிறது. ரேட்டிங்கை முதல்லயே சொல்லிடுறேன். 2024-ல நான் போன டூர் பேக்கேஜுக்கு 5-க்கு 1. 2025-ல திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்ல தட்டிப் பாத்து நானே வாங்கின மண்பானைக்கு 5-க்கு 5. அந்த டூர்காரங்க பேரு போடல, போடுறதா உத்தேசமும் இல்ல, ஏன்னா இதே மாதிரி நடத்துற ஆளுங்க நிறைய பேரு இருப்பாங்க, ஒருத்தர் பேரைச் சொன்னா மத்தவங்க எல்லாம் நல்லவங்கன்னு ஆயிடும். மாசி மாசம் நெருங்கும்போது நம்ம ஊர்ப் பக்கம் சுவரெல்லாம் போஸ்டர், வாட்ஸ்அப்ல நோட்டீஸ் எல்லாம் வரும்ல, அதைப் பாத்து பணம் கட்டப் போற அக்கா தங்கச்சிமாருக்காகத்தான் இதை உக்காந்து டைப் பண்றேன்.

நான் நாகர்கோவில் பக்கம். வீட்லயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். 2022 கடைசியில எங்க வீட்டுக்காரருக்கு பைக் ஆக்சிடென்ட், இடுப்பு எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல கட்டில்தான். ராத்திரி 2 மணிக்கு எழும்பி அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும், முதுகுல புண்ணு வந்துடக் கூடாதுல்லா, அப்புறம் தூக்கம் வராது, மெஷின்ல உக்காந்துடுவேன். மகளுக்கு பிளஸ் டூ, பையன் ஆறாங்கிளாஸ். அந்த ஒன்னரை வருஷத்துல நான் ஒரு சொட்டு அழல, அழுதா எல்லாம் சரிஞ்சு விழுந்துடும்னு ஒரு பயம், அதனால பல்லைக் கடிச்சிட்டு ஓடிட்டே இருந்தேன்.

எங்க அம்மா வருஷா வருஷம் ஆற்றுகாலுக்குப் போனவங்க. எங்க மாவட்டம் முதல்ல திருவிதாங்கூர் ராஜ்யத்துலயும், அப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலயும் இருந்தது, அதனால எங்க ஆச்சிமார் காலத்துல இருந்தே திருவனந்தபுரம் கோயில்னா அது பக்கத்து ஊர் கோயில் மாதிரிதான், வேற மாநிலம்னு நினைப்பே கிடையாது. கொரோனா சமயம் 2021, 2022 ரெண்டு வருஷமும் கோயில் பக்கம் யாரும் அடுப்பு கூட்டக் கூடாது, அவங்கவங்க வீட்லயே பொங்கல் வச்சுக்கிடணும்னு சொன்னப்போ, அம்மா எங்க வீட்டு முத்தத்துல மூணு கல்லு வச்சு, டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வச்சு, கோயில்ல பண்டார அடுப்புல, அதாவது கோயில் வெளிய மூட்டுற முக்கிய அடுப்புல, தீ வைக்கிறதைப் பாத்த பிறகுதான் இங்க தீ வச்சாங்க. அதுக்குப் பிறகு முட்டி வலி ஜாஸ்தியாகி அவங்களால போக முடியல. "நீ போயிட்டு வா பிள்ளே, ஒரு நாள் அவள் கிட்ட போயி நில்லு"ன்னு என்கிட்ட சொல்லிட்டே இருந்தாங்க.

அப்படித்தான் 2024 பிப்ரவரி 25 பொங்காலைக்கு அந்த பேக்கேஜை புக் பண்ணினேன். ஒரு ஆளுக்கு 1,450 ரூபா. வேன், காலை டிபன், பானை, அரிசி, சர்க்கரை, தேங்காய், விறகு, செங்கல் எல்லாம் அவங்க பொறுப்பு. போன்ல பேசினவர் "நீங்க வந்து நின்னா போதும்க்கா, மத்த எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்"னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பணம் கட்டினேன், உண்மையச் சொல்லணும்னா. எல்லாத்தையும் நானே பாத்துப் பாத்து களைச்சுப் போயிருந்தேன், ஒரு நாளாவது வேற யாராவது பாத்துக்கிடட்டும்னு தோணிச்சு.

காலையில 3 மணிக்கு வேன்னாங்க, வந்தது 4:20. பாறசாலை தாண்டினதும் ஒரே வண்டி நெரிசல். இறங்கும்போது மணி ஏழரை. கோயில் எந்தத் திசைன்னே தெரியாத ஒரு இடம், ஒரு காலி மனை, சுத்தி காம்பவுண்ட் சுவர். மைக் சத்தம் கேக்கல, செண்டை கேக்கல. எங்களை மாதிரி 11 பேருக்கு வரிசையா பானை வச்சு, உள்ள அரிசி, தண்ணி, சர்க்கரை எல்லாம் முன்னாடியே போட்டு ரெடியா வச்சிருந்தாங்க. அரிசியோட சர்க்கரையையும் சேத்துப் போட்டா அரிசி வேகுமா சொல்லுங்க, விரைச்சுப் போயி நிக்கும், சமையல் தெரிஞ்ச யாருக்கும் தெரியும்ல.

மணி 9:15 இருக்கும். டூர்ல வந்த பையன் ஒருத்தன் லைட்டரை எடுத்துட்டு வந்து வரிசையா எல்லா அடுப்பையும் பத்த வச்சுட்டே போனான். எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆச்சு. "தம்பி, கோயில்ல இன்னும் பண்டார அடுப்புல தீ வைக்கலியே"ன்னு கேட்டேன். "அதெல்லாம் பாத்தா வண்டி எடுக்க முடியாதுக்கா, டிராஃபிக்ல மாட்டிக்கிடுவோம்"னான். அவன் சின்னப் பையன், அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம், நடத்துறவங்க சொன்னதைச் செய்றான்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன், ஆற்றுகால்ல அந்தத் தீதான் எல்லாமே. கும்ப மாசம், நம்ம மாசி, கார்த்திகை நட்சத்திரத்துல காப்புக் கெட்டி திருவிழா தொடங்கும், 10 நாள். அன்னைக்கு முதலே கண்ணகி கதையைத் தோற்றம் பாட்டா பாடிட்டு வருவாங்க. ஆமா, நம்ம கண்ணகிதான். மதுரைய எரிச்சுட்டு கொடுங்கல்லூர் போற வழியில கிள்ளியாத்துக் கரையில ஒரு சின்னப் பிள்ளையா வந்து நின்னு, குளிச்சிட்டு இருந்த முல்லுவீட்டுக் காரணவர், அதாவது அந்தக் குடும்பத்துப் பெரியவர் கிட்ட ஆத்தைக் கடத்தி விடச் சொன்னாள்னும், ராத்திரி கனவுல வந்து கோயிலுக்கு இடம் காட்டினாள்னும் ஐதீகம். ஒன்பதாம் நாள் பூரம் நட்சத்திரத்துல பொங்காலை. அன்னைக்கு பாட்டுல பாண்டிய ராஜாவோட வதம் வர்ற இடத்தைப் பாடி முடிச்சதும், கருவறை விளக்குல இருந்து தீ எடுத்து, முதல்ல கோயில் மடைப்பள்ளி அடுப்பு, அப்புறம் வெளிய பண்டார அடுப்பு, அதுல இருந்து பக்கத்து அடுப்பு, அங்கேயிருந்து அதுக்குப் பக்கத்து அடுப்புன்னு, பொம்பளைங்க கை மாத்தி கை மாத்தி அந்தத் தீ தெரு தெருவா பல கிலோமீட்டர் ஓடும். நடுவுல பூசாரி கிடையாது, ஆம்பளை கிடையாது, பக்கத்துல உக்காந்திருக்கறவ தர்ற தீயில நான் பொங்கணும், என் தீயில எனக்கு அடுத்தவ பொங்கணும். 1997-ல 15 லட்சம் பேரு, 2009-ல 25 லட்சம் பேருன்னு கின்னஸ் புத்தகத்துல ஏறினது இந்தக் கூட்டம்தான். அந்தத் தீயை விட்டுட்டு லைட்டர்ல பத்த வைக்கிறதுக்கு நான் நாகர்கோவில்ல இருந்து 70 கிலோமீட்டர் போக வேண்டியது இல்லையே, எங்க முத்தத்துலயே வச்சிருப்பேனே.

அதோட விட்டாங்களான்னா இல்ல. 11 பானையில 3 பானை கீறி ஒழுகிடுச்சு. சரியா வேகாத பானை, தண்ணியில ஊறப் போடாம நேரா அடுப்புல ஏத்தினா வேற என்ன ஆகும். என்னோடது கீழ கசிஞ்சு தீ அணைஞ்சு அணைஞ்சு, அரிசி பாதி வெந்து பாதி வேகாம, பொங்கி வழியவே இல்ல. 11:30-க்கு எல்லாரையும் வேன்ல ஏறச் சொல்லிட்டாங்க. நைவேத்தியம் மதியத்துக்கு மேலதான், அந்தத் தீர்த்தம் தெளிச்சாதான் பொங்காலை முடிஞ்ச மாதிரி, அதுக்கு முன்னாடியே நாங்க நெய்யாற்றின்கரை தாண்டிட்டோம். பக்கத்து சீட்ல ஒரு அக்கா போன்ல லைவ் போட்டுட்டு வந்தாங்க. வானத்துல இருந்து பூ தூவுறதும், பூசாரிமாரு தீர்த்தம் தெளிக்கிறதும், பொம்பளைங்க எல்லாரும் குலவை போடுறதும் அதுல தெரியுது. எங்க பானையெல்லாம் எங்க மடியில மூடி இருக்கு. வேன்ல ஒருத்தரும் பேசல.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி "தீர்த்தம் விழுந்துதா பிள்ளே?" ஆமான்னு பொய் சொன்னேன். அந்தப் பொய் ஒரு வருஷம் எனக்குள்ள முள்ளு மாதிரி கிடந்துச்சு. டூர்காரங்களுக்கு போன் பண்ணிக் கேட்டேன், அடுத்த வருஷம் 200 ரூபா குறைச்சுத் தர்றேன்னாங்க. அவ்வளவுதான் பேக்கேஜ் ரிவ்யூ. ஒரு ஸ்டார் ஏன் குடுத்தேன்னா, டிரைவர் அண்ணன் நிதானமா ஓட்டினாரு, வயசானவங்களைக் கையப் பிடிச்சு ஏத்தி இறக்கினாரு, அதுக்கு.

2025 மார்ச் 13, வியாழக்கிழமை பொங்காலை. இந்தத் தடவை நானும் எங்க மயினியும் மட்டும், முந்தின நாளே போயிடலாம்னு முடிவு பண்ணினோம். 9 நாள் வெறும் சைவம், ஒரு நேரம் மட்டும் அரிசிச் சாப்பாடு. வீட்டுக்காரரைப் பாத்துக்கிட அண்ணன் வந்து தங்கினான். ரயில்ல ஏறினா இரணியல், குழித்துறை, பாறசாலைன்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் பானையும் பையுமா பொம்பளைங்க ஏறிட்டே இருக்காங்க, சிலர் சாக்குல செங்கல்லே கொண்டு வர்றாங்க. உக்கார இடம் இல்ல, ஆனா யாரும் சண்டை போடல. தம்பானூர்ல ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா ரோட்டோரம் ரெண்டு பக்கமும் மூணு மூணு செங்கல்லா வரிசையா இருக்கு, சில செங்கல்ல சாக்பீஸ்ல பேரு எழுதி வச்சிருக்காங்க. நூத்துக்கணக்குல பொம்பளைங்க பேரு, தரையில, மலையாளத்துல. நான் கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு நின்னேன்.

பானை வாங்க கிழக்கேகோட்டை பக்கம் சாலை மார்க்கெட் போனோம். இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா பானைலதான் பாதிப் பேரு ஏமாறுறாங்க. ரோட்டோரம் வைக்கோல் பரப்பி மலை மாதிரி குவிச்சு வச்சிருப்பாங்க. கலர் பெயின்ட் அடிச்சு, பூ வரைஞ்சு, மினுமினுன்னு இருக்கறது கண்ணுக்கு அழகா இருக்கும், அது அடுப்புக்கு ஆகாது, சூடு ஏறினதும் பெயின்ட் நாத்தம் பொங்கல்ல இறங்கிடும். நான் போன இடத்துல ஒரு வயசான அம்மா, எழுபது இருக்கும், வெத்தலைக் காவி பல்லு. நான் ஒண்ணை எடுத்து உருட்டிப் பாத்துட்டு இருந்தேன். "கொட்டி நோக்கு மோளே"ன்னு சொல்லிட்டு, அவங்களே வாங்கி விரல் மடக்கித் தட்டிக் காட்டினாங்க. ஒரு பானை "பொத்"துனு கேட்டுச்சு, அதைத் தள்ளி வச்சுட்டாங்க. இன்னொண்ணு "டங்"குனு கோயில் மணி மாதிரி. அதுதான் நல்லா வெந்த பானை. அப்புறம் பக்கத்துல இருந்த குடத்துல இருந்து தண்ணி ஊத்தி, தூக்கிப் பிடிச்சு, அடியில ஈரம் கசியுதான்னு என்னையே தடவிப் பாக்கச் சொன்னாங்க. என் உள்ளங்கை காஞ்சே இருந்துச்சு. தான் விக்கிற பானைய தானே "இது வேண்டாம்"னு தள்ளி வைக்கிற கடைக்காரிய நான் வேற எங்கயும் பாத்தது இல்ல.

அரை கிலோ அரிசி கொள்ற பானை 130 ரூபா, மூடி 20, மூணு செங்கல் 45, கொதும்பும், அதாவது காஞ்ச தென்னம்பாளையும், காஞ்ச ஓலையும் சேத்து ஒரு கட்டு 60. பச்சரிசி, சர்க்கரை, அதாவது நீங்க வெல்லம்னு சொல்றது, தேங்காய், நெய், ஏலக்காய் எல்லாம் வீட்ல இருந்தே கொண்டு போயிருந்தேன். மொத்தம் ரயில் டிக்கெட்டோட சேத்து ஒரு ஆளுக்கு 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. பேக்கேஜ்ல போனதுல மூணுல ஒரு பங்கு.

தங்கினது மணக்காடு பக்கம் ஒரு சந்துல, முன்னப்பின்ன தெரியாத வீடு. கேட் தொறந்து கிடந்தது, உள்ள ஏற்கனவே பத்து இருபது பேரு. வீட்டுக்கார சேச்சி வாசல் குழாயில தண்ணி, பாத்ரூம், ராத்திரிக்கு கஞ்சியும் பயறும் எல்லாம் குடுத்தாங்க, காசு நீட்டினா கைய எடுத்துக் கும்பிட்டுட்டு உள்ள போயிட்டாங்க. இந்த ஊர் அன்னைக்கு ஒரு நாள் அப்படித்தான் ஆயிடுது, பள்ளிவாசல்லயும் சர்ச்சுலயும்கூட பொங்காலைக்கு வந்தவங்களுக்கு தண்ணியும் மோரும் குடுப்பாங்க. பானையை ஒரு பக்கெட் தண்ணியில முக்கி ராத்திரி முழுக்க ஊற வச்சேன். முதல்ல முக்கும்போது பானை சின்னச் சின்னக் குமிழியா விட்டுட்டு, "ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும், தாகத்துல இருந்தது தண்ணி குடிக்கிற மாதிரி. காலையில எடுத்து வெளிப்பக்கம் அரிசி மாவைக் கரைச்சுத் தடவினா கரி பிடிச்சாலும் கழுவ லேசா இருக்கும்னு பக்கத்துல இருந்த கொல்லத்துக்காரங்க ஒருத்தங்க சொல்லித் தந்தாங்க.

காலையில 7 மணிக்கெல்லாம் செங்கல் வச்சு ரெடி. காத்து எந்தப் பக்கம்னு பாத்து அடுப்பு வாயைத் திருப்பணும், இல்லாட்டி புகை முழுக்க நம்ம மூஞ்சிக்குத்தான். அப்புறம் காத்திருக்கறதுதான். வெயில் ஏறுது, தலையில ஈரத் துண்டு. வெறும் அடுப்பு முன்னாடி, தண்ணி ஊத்தின பானை முன்னாடி, மூணு மணி நேரம். பேக்கேஜ்காரங்க என்கிட்ட இருந்து மிச்சப்படுத்திக் குடுத்ததா சொன்னது இந்த மூணு மணி நேரத்தைத்தான், ஆனா எனக்கு வேண்டியிருந்ததே அதுதான்னு அப்போதான் புரிஞ்சுது. ரெண்டு வருஷத்துல நான் ஒரு வேலையும் செய்யாம, யாரும் என்னைக் கூப்பிடாம, சும்மா உக்காந்திருந்த மூணு மணி நேரம் அது. மயினி கண்ணை மூடி நாமம் சொல்லிட்டு இருந்தா. எனக்கு நாமம்கூட வரல. பானையப் பாத்துட்டே இருந்தேன். கண்ணகியை நினைச்சேன். தெரியாத ஊர்ல, புருஷனைப் பறிகொடுத்துட்டு, ஒத்தைச் சிலம்போட ராஜா முன்னாடி போயி நின்னவ. அவ கோபம் ஆறுறதுக்கு இந்த ஊர்ப் பொம்பளைங்க பொங்கல் வச்சு எதிர்கொண்டாங்கன்னுதான் பொங்காலைக்குக் கதை சொல்லுவாங்க. அவ்வளவு எரிஞ்சவளுக்கும் ஒருத்தி சோறு பொங்கிக் குடுக்க வேண்டியிருந்திருக்கு.

10:15 வாக்குல கதினா வெடி, செண்டை, அதைத் தொடர்ந்து எங்கயோ தூரத்துல இருந்து ஒரு குலவை கிளம்பி அலை மாதிரி கிட்ட கிட்ட வருது. அந்தச் சத்தம் நம்ம தெருவுக்குள்ள நுழையும்போது உடம்பெல்லாம் சிலிர்த்துடும். தீ வர்றதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆச்சு. எனக்கு இடது பக்கம் இருந்த சேச்சி, பேரு கேக்கல, நெத்தி நிறைய சந்தனம், தன்னோட அடுப்பு பிடிச்சதும் ஒரு ஓலைக் கீத்தை அதுல காட்டிப் பத்த வச்சு என் கையில தந்தாங்க. நான் என் கொதும்புல வச்சுட்டு, அதே ஓலை அணையறதுக்கு முன்னாடி எனக்கு வலது பக்கம் இருந்த ஒரு காலேஜ் பொண்ணுக்குக் குடுத்தேன். அவ கை நடுங்குச்சு. முதல் தடவையாம்.

அப்புறம் புகை. தெரு முழுக்க வெள்ளைப் புகை, அஞ்சடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது, எல்லார் கண்ணுலயும் தண்ணி. எனக்கும் வந்துச்சு, புகைல வருதுன்னுதான் நினைச்சேன், துண்டை வச்சுத் துடைக்கத் துடைக்க நிக்கல, அப்புறம் தோளு குலுங்க ஆரம்பிச்சுட்டு, அப்போதான் தெரிஞ்சுது நான் அழுறேன்னு. ஆஸ்பத்திரி வராந்தாவுல வராத அழுகை. யாரும் என்னாச்சுன்னு கேக்கல. கேக்காம இருந்தது எவ்வளவு பெரிய உபகாரம். இடது பக்க சேச்சி மட்டும் என் அடுப்புல தீ எகிறுறதைப் பாத்து ரெண்டு கொதும்பை வெளிய இழுத்து விட்டுட்டு, மறுபடியும் தன் பானையப் பாக்கத் திரும்பிட்டாங்க.

பானை முதல்ல வேர்க்கும். வெளிப்பக்கம் முத்து முத்தா ஈரம் வரும், அதைப் பாத்து ஒழுகுதுன்னு பயந்துடாதீங்க, மண்பானைன்னா அப்படித்தான், சூடு ஏறினா அதுவே காஞ்சுடும். அரிசி கழுவிப் போட்டேன். நுரை ஓரத்துல வளையமா கட்டி, நடுவுல கூடி, ஒரு நிமிஷம் பானை வாய்ல குமிழா நின்னுச்சு, விழுமா விழாதான்னு. நான் மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நின்னேன். கிழக்குப் பக்கமா வழிஞ்சு தீயில விழுந்து "சொய்ங்"குனு ஒரு சத்தம். மயினி குலவை போட்டா, அந்தக் காலேஜ் பொண்ணும் போட்டா, எனக்குத் தொண்டை அடைச்சு குலவை வரல, வெறும் காத்துதான் வந்துச்சு. அப்போ நான் கேட்டது இவ்வளவுதான்: தாயே, அவரை நாளைக்கே நடக்க வைன்னு நான் கேக்கல, அவர் நடக்கற வரைக்கும் எனக்கு நிக்கற தெம்பு குடு. இதை நான் முன்கூட்டியே யோசிச்சு வச்சுக்கிட்டு போகல, வீட்ல இருந்து கிளம்பும்போது பெரிய லிஸ்ட்டே வச்சிருந்தேன், கடன், மகளோட படிப்பு, எல்லாம். அந்த நேரத்துல வாயில வந்தது இது ஒண்ணுதான்.

அரிசி நல்லா மலர்ந்த பிறகு சர்க்கரை, தேங்காய், கடைசியில நெய்யும் ஏலக்காயும். சுத்தி நிறைய பேரு தெரளி இலையில பொதிஞ்சு அவிக்கிற தெரளி அப்பமும் வச்சாங்க, நம்ம பக்கம் திருக்கார்த்திகைக்கு வைக்கிற தெரளிக் கொழுக்கட்டை மாதிரியேதான், அந்த இலை வாசனை புகையோட கலந்து வந்தப்போ எங்க ஆச்சி ஞாபகம் வந்துட்டு. தலைவலி, தலைல வர்ற நோய்க்கு நேர்ந்துகிட்டவங்க பயறு மாவுல மண்டபுட்டு செய்றாங்க. எங்க ஊர்ப் பக்கம் மண்டைக்காட்டு அம்மன் கோயில்ல மண்டையப்பம் வைக்கிறோம்ல, அதே வேண்டுதல்தான். மண்டைக்காட்டையும் பெண்கள் சபரிமலைம்பாங்க, ஆற்றுகாலையும் பெண்கள் சபரிமலைம்பாங்க. ஆடி, தை, மாசி செவ்வாய்க்கிழமையில ஆம்பளைங்களை வீட்டை விட்டு அனுப்பிட்டு ராத்திரி ஔவையார் நோன்புக் கொழுக்கட்டை அவிக்கிற ஊர்க்காரங்க நாங்க. பொம்பளைங்க சேந்து உக்காந்து, தீ மூட்டி, எதையாவது பொங்கியோ அவிச்சோ சாமிகிட்ட பேசுறது எங்க ரத்தத்துல உள்ளது, அதை ஒரு டூர்காரர் நேரம் மிச்சம் பண்ணித் தரணும்னு அவசியமே இல்ல.

மதியம் 1 மணி தாண்டித்தான் நைவேத்தியம். பூசாரி ஒருத்தர் சந்துக்குள்ள வேகமா நடந்து வந்தாரு, கையில தீர்த்தக் குடம், பூக்குலையை முக்கி ரெண்டு பக்கமும் வீசிட்டே போறாரு. என் பானை மேல நாலஞ்சு சொட்டு விழுந்துச்சு, ஒண்ணு என் புறங்கையில. உடனே அம்மாவுக்கு போன் போட்டேன். "தீர்த்தம் விழுந்தாச்சு"ன்னு மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "போன வருஷம் விழலேன்னு எனக்குத் தெரியும் பிள்ளே"ன்னாங்க.

இனி குறைகளையும் சொல்லணும். ஆஸ்துமா, மூச்சுத் தொந்தரவு உள்ளவங்களுக்கு அந்தப் புகை தாங்காது, நிச்சயமா வேண்டாம், வீட்டு முத்தத்துலயே வைங்க, எங்க அம்மா வச்சாங்களே. பாத்ரூம் வரிசை நீளம்தான், கோயிலை ஒட்டின இடத்துல இடம் பிடிச்சா இன்னும் கஷ்டம், ஒன்னு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி குடியிருப்புச் சந்துல இடம் பாருங்க, மைக் சத்தம் கேக்குதான்னு மட்டும் பாத்துக்கிடுங்க. திரும்பி வரும்போது ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வரிசையில நின்னோம், ஸ்பெஷல் ரயில் விட்டும் அவ்வளவு கூட்டம், சூடான பானையக் கையில வச்சுட்டு நிக்கறது சிரமம், அதனால ஒரு பழைய போர்வையும் துணிப்பையும் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் கவர், பேப்பர் பிளேட்டு எல்லாம் கொண்டு போகாதீங்க, ஸ்டீல் டம்ளரும் தட்டும் வச்சுக்கிடுங்க. பருத்திப் புடவைதான் கட்டணும், நைலான் கிட்டவே போகக் கூடாது, அத்தனை அடுப்புக்கு நடுவுல தீப்பொறி பறக்கும்.

பானை சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்திடாதீங்க, பக்கத்து வரிசையில ஒருத்தங்க அப்படி ஊத்தி என் கண்ணு முன்னாடி ரெண்டா பிளந்துச்சு. வீட்டுக்கு வந்த பிறகு சோப்பு போடக் கூடாது, தேங்காய் நாரும் சாம்பலும் போதும். என்னோடது ஒரு வருஷமா ஓடுது, கீறல் இல்ல. வெள்ளிக்கிழமை காலையில அதுலதான் கஞ்சி. வெளிப்பக்கம் ஒரு இடத்துல பொங்கி வழிஞ்ச தடம் வெள்ளைக் கோடா இருக்கு, அதை மட்டும் நான் தேய்க்கல. வீட்டுக்காரர் இப்போ கம்பு ஊனி வாசல் வரைக்கும் வர்றாரு. டாக்டரும் பிசியோதெரபிக்கு வர்ற தம்பியும் பட்ட பாடு அது, பொங்காலையால நடந்தாருன்னு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி 2 மணிக்கு எழும்பும்போது எனக்கு முன்ன இருந்த அந்தப் பயம் இல்ல, அதைத்தான் நான் சொல்லுவேன்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பானையை எடுத்துட்டு வாங்க, செங்கல்லைத் தூக்கிட்டு வராதீங்க, ஓரமா அடுக்கி வச்சுட்டு வாங்க. நாங்க கிளம்பும்போதே மாநகராட்சி ஆளுங்க லாரியோட வந்து கூட்டவும் அள்ளவும் ஆரம்பிச்சுட்டாங்க, அந்தச் செங்கல்லை எல்லாம் சேத்து வீடில்லாதவங்களுக்கு வீடு கட்டக் குடுக்கிறாங்க. என்னோட மூணும் கரி பிடிச்சு, இன்னும் சூடா இருந்துச்சு. சாக்பீஸ்ல எழுதின என் பேரு பாதி அழிஞ்சிருந்தது. அப்படியே லாரிக்காரர் கையில குடுத்துட்டு வந்தேன்.